மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் 45 நிமிடம்: ஒரு ஆசிரியையின் காலைப் பொழுது பற்றிய நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது 2024 ஜூலை முதல் 2025 மார்ச் வரை நான் பார்த்துவந்த ஒருவரைப் பற்றியது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அவருக்கு வயது 43. பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கணவர் சிறிய விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார், வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு. கூடவே 69 வயது மாமியார், மூட்டு வலிக்காரர்.

ஆறு வருடமாகத் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வேறோர் இடத்தில் பிப்ரவரியில் அளவை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகும் ஜூன் மாத ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 9.2 என்று வந்திருந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டிய எண் அது.

ஆனால் அவர் என்னிடம் வந்தது அதற்காக இல்லை. ரிப்போர்ட்டைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: "டாக்டர், எனக்குக் காலைல எந்திரிக்கவே முடியறதில்லீங்க. எந்திரிச்சாலும் படபடன்னு இருக்குது. பசங்க மேல கத்தறேன். பஸ்ல உக்காந்து அழுகை வருதுங்க."

ஈ.சி.ஜி. எடுத்தோம், சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 11.4, கொஞ்சம் குறைவு. இந்தக் களைப்பை எல்லாம் அதன் தலையில் கட்ட முடியாது. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை மாதிரி எதுவும் இல்லை. மனச்சோர்வுக்கான கேள்விகளையும் கேட்டேன். பள்ளியில் பிள்ளைகளோடு இருக்கும்போது சிரிக்கிறார், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார், சாப்பாடு ருசிக்கிறது. காலை நாலரை முதல் ஏழரை வரைதான் சிக்கல்.

அவர் ஏற்கனவே முயன்று பார்த்தது

கோடை விடுமுறையில் அவர் நிறைய வீடியோ பார்த்திருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்கிற ரகம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுவது, வெந்நீர், யோகா, நன்றி சொல்லி நோட்டில் எழுதுவது, அன்றைய நாளை மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பது என்று ஒரு பட்டியல் தயாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். ஆன்லைனில் 21 நாள் யோகா சவாலிலும் சேர்ந்தார். ஒன்பதாவது நாளோடு நின்றுபோனது. பட்டியல் மட்டும் ஃபிரிட்ஜில் இருந்தது. "பால் எடுக்கப் போறப்பல்லாம் அது என்னயப் பார்க்குதுங்க" என்றார்.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிற நேரம். ஜூலையில் எங்கள் ஊரில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கும் என்பதால், நாலரைக்கு எழவேண்டும். நாலரைக்கு எழுந்த தாத்தா பாட்டிகள் இரவு எட்டரைக்கெல்லாம் பாய் விரித்தவர்கள் என்பதை எந்த வீடியோவும் சொல்வதில்லை. இவர் படுப்பதே பதினொன்றரைக்கு மேல்.

ஏழு நாள் நோட்டு

முதல் சந்திப்பில் நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு, காலையில் நடப்பதை நேரத்தோடு எழுதிவரச் சொன்னேன். நல்லது கெட்டது பார்க்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி எடுங்கள் என்றேன். ஆசிரியை அல்லவா, அச்சு மாதிரி எழுதிக்கொண்டு வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம்:

4.30 அலாரம். 4.39 மறுபடி. 4.48 மறுபடி.
4.52 எழுந்தேன். ஃபோன்.
5.16 ஃபோனை வைத்தேன்.
5.20 ஃபில்டரில் டிகாக்ஷன். மாத்திரை.
5.26 காபி. நின்றுகொண்டே.
5.30 குழாய்த் தண்ணீர், தொட்டிக்குத் திருப்பினேன். குடிதண்ணீர் எட்டுக் குடம்.
6.10 மகனை எழுப்பினேன். 6.18 எழுப்பினேன். 6.25 கத்தினேன்.
7.12 வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஈரத்தலை.
7.20 பஸ்.
8.15 பள்ளியில் காலை உணவு. கிச்சடி. 34 பிள்ளைகள்.
10.45 நான் சாப்பிட்டேன்.

கடைசி இரண்டு வரிகளைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. அவர் பள்ளியில் பிள்ளைகள் சாப்பிடும்போது கூட இருப்பது இவர் பொறுப்பு. 34 பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்த்துக் கணக்கு எழுதுபவர், எழுந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் தன் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்.

நோட்டில் தெரிந்தவை

முதலாவது, தூக்கம். ஏழு நாள் சராசரி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் கூடி அறிவித்தன. அவர்கள் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரிந்ததுதான். எழ முடியவில்லை என்ற அவருடைய புகாரில் பாதிக்கு இங்கேயே விடை இருந்தது.

இரண்டாவது, ஃபோன். அலாரத்தை நிறுத்தக் கையில் எடுப்பது, அப்படியே வாட்ஸ்அப்பில் போய் நிற்கிறது. பார்ப்பது பொழுதுபோக்கு எதுவும் இல்லை. ஆசிரியர் குழு, ஒன்றியக் குழு, எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசுத் தளம்) பதிவேற்றக் குழு என்று நாலைந்து குழுக்கள். முந்தின நாள் இரவு பத்து மணிக்குமேல் வந்தவை: "விடுபட்ட பள்ளிகள் நாளை முற்பகலுக்குள் விவரம் பதிவேற்றவும்." தங்கள் பள்ளி பெயர் அந்த விடுபட்ட பட்டியலில் இருக்கிறதா என்று இருட்டில், படுக்கையில், கண்ணாடி போடாமல் தேடுகிறார். விழித்த முதல் அரை மணி நேரம் மூளை மந்தமாகத்தான் இருக்கும், அது எல்லோருக்கும் இயல்பு. அந்த அரை மணியில் அவர் ஏற்கனவே பள்ளிக்கூடத்தில் இருந்தார். உடம்பு மட்டும் வீட்டில்.

மூன்றாவதை நான் கிட்டத்தட்டத் தவறவிட்டேன். 5.20 மாத்திரை, 5.26 காபி.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்கி, அடுத்த சாப்பாட்டுக்கோ காபிக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காபி அந்த மருந்தைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மறந்துருவேன்னு ஃபில்டருக்குப் பக்கத்துலயே ஒரு எவர்சில்வர் டப்பால வெச்சிருக்கேனுங்க. காபி போடறப்ப கண்ணுல படும்." டப்பாவில் வேறு என்ன இருக்கிறது? "கால்சியம் மாத்திரைங்க. ரெண்டயும் ஒண்ணாப் போட்டுக்குவேன்."

கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இவர் ஆறு வருடமாக ஒரு நாள்கூட மறக்காமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நினைவூட்டலுக்கு அவர் செய்த ஏற்பாடு அருமையானது. கட்டிவைத்த இடம்தான் தவறு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாத்திரையின் அளவைக் கூட்டுவதுதான் எளிய வழி. கூட்டவில்லை. குடல் சரியாக உறிஞ்சாத மருந்தைக் கூட்டி எழுதி, பிறகு அவர் சரியாகச் சாப்பிட ஆரம்பித்தால் மருந்து மிஞ்சிப்போகும், இருக்கிற படபடப்பு இன்னும் ஏறும். 75 அப்படியே இருக்கட்டும், சாப்பிடும் முறையை மாற்றி எட்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். இரவில் சாப்பிடச் சொல்வதையும் யோசித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போட்டால் அதுவும் சரிதான். அவர் சாப்பிடுவதே ஒன்பதே முக்காலுக்கு, எனவே அது நடக்காது. கால்சியத்தை மட்டும் இரவுச் சாப்பாட்டோடு மாற்றினோம்.

மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணீரும் இனிப் படுக்கைக்குப் பக்கத்தில். எழுந்ததும் முதல் வேலை அதுதான். காபி 45 நிமிடம் கழித்து.

ஃபோனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு சாதாரண மேஜைக் கடிகாரம். டேட்டா 7.20 பஸ்ஸில் ஏறிய பிறகுதான். நாற்பது நிமிடப் பயணம் இருக்கிறது, குழுச் செய்திகளுக்கு அது தாராளம். "அவசரமா ஏதாவது வந்துச்சுன்னா?" என்றார். ஏழு நாள் நோட்டில், காலை ஐந்து மணிக்குப் பார்த்ததால் ஏழு மணிக்குள் செய்து முடித்த பள்ளி வேலை எத்தனை என்று எண்ணச் சொன்னேன். பூஜ்யம்.

எழும் நேரம் 5.15, படுக்கும் நேரம் 10.30. இதில்தான் அவர் முரண்டு பிடித்தார். காலையில் முன்னே எழுந்தால்தான் தனக்கென்று நேரம் கிடைக்கும், நீங்கள் பின்னே தள்ளச் சொல்கிறீர்களே என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனால் தூக்கத்தில் வெட்டி எடுத்த நேரத்தில் உட்கார்ந்து அவர் என்ன நிதானத்தைக் காணப்போகிறார்? ஃபிரிட்ஜ் பட்டியலைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். கிழிக்கவில்லை, மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக நான் சொன்னது, மாத்திரைக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது. அது தவறாகப் போனது பின்னால் வரும்.

வீட்டாரோடு ஒரு மாலை

கணக்குப் போட்டுப் பார்த்தால் இத்தனையும் நடக்க வீட்டில் இன்னொருவர் கை வேண்டும். ஜூலைக் கடைசியில் கணவரையும் மாமியாரையும் அழைத்துவரச் சொன்னேன்.

கணவர் நல்ல மனிதர். "நான் எதயும் வேண்டாங்கலீங்களே டாக்டர்" என்றார். அது உண்மையும்கூட. அவர் எதையும் தடுத்ததில்லை, எடுத்துச் செய்ததும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அவர்முன் இந்த எண்களைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு வாதமாகிவிடும். நோட்டை அவர் கையில் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் எட்டுக் குடம் என்ற இடத்தில் நிறுத்தி, "எட்டா?" என்று மனைவியைப் பார்த்தார்.

திருப்பம் மாமியாரிடமிருந்து வந்தது. "நான் நாலு மணிக்கே முழிச்சுக்குவனுங்க. இவளோட அலாரம் மூணு தடவ அடிக்கறதும் கேக்கும். எந்திரிச்சு ஏதாச்சும் செஞ்சா, முட்டி வலிய வெச்சுட்டு ஏன் அத்தை எந்திரிக்கறீங்கன்னு சத்தம் போடுவா. அதான் படுத்துட்டே கெடப்பேன்." மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அத்தை, நீங்க தூங்கறீங்கன்னுதான நான் லைட்டுகூடப் போடாம..." இரண்டு பேரும் ஒருவர் தூக்கத்தை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருட்டில் விழித்துக் கிடந்திருக்கிறார்கள், வருடக்கணக்காக.

அன்று முடிவானது: இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும்போது தொட்டிக்குக் குழாயைத் திருப்பிவிடுவது மாமியார். அதற்குக் குனிய வேண்டியதில்லை. குடிதண்ணீர்க் குடங்களைத் தூக்குவது கணவர், ஐந்தரைக்கு எழுந்து. மகனை எழுப்புவது யாரும் இல்லை. அவனுக்கும் ஒரு கடிகாரம். பிந்தினால் பிந்தட்டும்.

முதல் இரண்டு வாரம்

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது மாத்திரை, கடிகாரம், ஃபோன் மூன்றும் நிலைத்துவிட்டன. மகன் இரண்டு நாள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டு, மூன்றாம் நாள் தானே எழுந்துவிட்டான்.

மூச்சைக் கவனிப்பது மட்டும் ஒட்டவில்லை. "கண்ண மூடுனா நெஞ்சு அடிக்கறதுதாங்க கேக்குது. அது கேட்டா இன்னும் வேகமா அடிக்குது." எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். படபடப்போடு வந்தவரை நெஞ்சுப் பக்கமே கவனத்தைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். 1979-ல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலேயே நடப்பது, சாப்பிடுவது, உடலை நீட்டி மடக்குவது எல்லாம் உண்டு. மூச்சு அதில் ஒரு வழி, அவ்வளவுதான். தெரிந்திருந்தும் கைப்பழக்கத்தில் மூச்சையே எழுதிக் கொடுத்திருந்தேன்.

சரி, சும்மா புறவாசல் படியில் உட்காருங்கள், வானம் வெளுப்பதைப் பாருங்கள் என்றேன். காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், இரவில் நேரத்தோடு தூக்கம் வரும். அந்தக் கணக்கும் எனக்கு இருந்தது.

அது நாலு நாள்தான் ஓடியது. படியில் உட்கார்ந்த முதல் நாளே மாமியார் வந்து, "என்ன கண்ணு, ஒடம்பு செரியில்லயா?" இரண்டாம் நாள் கணவர், "ஏதாச்சும் பிரச்சனையா?" மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஊட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?" நாலாம் நாள் மகள் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஒரு வீட்டுப் பெண்மணி விடிகாலையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கு அந்தத் தெருவில் இரண்டே அர்த்தம்: காய்ச்சல், இல்லை துக்கம்.

கோலம்

அடுத்த யோசனை அவருடையது. நான் சொல்லியிருந்தால் தலையில் ஏறிய இன்னொரு வேலையாகத்தான் ஆகியிருக்கும். எட்டு வருடமாக அவர் வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாத்திரை போட்டதும் வாசலுக்குப் போய்த் தண்ணீர் தெளித்துக் கூட்டி, புள்ளி வைத்துக் கோலம் போட ஆரம்பித்தார்.

"சும்மா உக்காந்தா எல்லாரும் என்னன்னு கேக்கறாங்க. கோலம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க டாக்டர். அது வேலைன்னு நெனச்சுக்குவாங்க."

எப்படிப் போடுகிறீர்கள் என்று விவரம் கேட்டேன். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி ஒன்றில் முடியும். அதைச் சுற்றிச் சுழித்துக்கொண்டே போகிற சிக்குக் கோலம், எடுத்த இடத்தில் வந்து முடிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு இறங்குகிற அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் கோடு கரையும், காய்ந்துவிட்டால் காற்றில் போகும். "மனசு எங்கயாச்சும் போச்சுன்னா ஒரு புள்ளிய விட்டுட்டுப் போயிருவேனுங்க. போட்டு முடிச்சப்பறம் தெரியும், அந்தப் புள்ளி தனியா நிக்கும்."

கவனம் சிதறியதை உடனுக்குடன் காட்டுகிற இப்படி ஒரு கருவியை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்த்ததில்லை. மூச்சைக் கவனிக்கும்போது மனம் ஓடிப்போனதே தெரியாமல் பத்து நிமிடம் போய்விடும். இங்கே ஒரு புள்ளி தரையில் தனியாக நின்று காட்டிக்கொடுக்கிறது.

கூட்டித் தெளித்துக் கோலம் முடிய 15 நிமிடம். அப்புறம் வாசல்படியில் நின்று கொஞ்சம் பார்ப்பார். உள்ளே போய் இட்லிக்கு வைத்து, காய் நறுக்கினால் 45 நிமிடம் ஆகிவிடும். ஆறு மணிக்குக் காபி, மாமியாரோடு உட்கார்ந்து. அந்த இடைவெளியை நான் மருந்துக்காகத்தான் கேட்டிருந்தேன், அவர் அதில் தனக்கு ஒரு காலையைக் கட்டிக்கொண்டார்.

எட்டு வாரம் கழித்து

அக்டோபர் முதல் வாரம் டி.எஸ்.எச். 3.8. மாத்திரை அதே 75.

தூக்கம் சராசரி ஆறு மணி பத்து நிமிடம். ஏழைத் தொடவில்லை, இந்தக் குடும்பத்தில் மகனின் பொதுத்தேர்வு முடியும்வரை தொடாது என்று எனக்குத் தோன்றியது. படபடப்பு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள். காலையில் கத்தியதற்கு நோட்டில் ஒரு சிறு குறி போடச் சொல்லியிருந்தேன். ஜூலையின் அந்த ஏழு நாளில் 11 குறிகள் இருந்தன, செப்டம்பர் கடைசி வாரத்தில் மூன்று. பள்ளிக்குக் கிளம்பும் முன் நாலு இட்லி உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இதில் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டி.எஸ்.எச். இறங்கியதற்குக் காரணம் காபியும் கால்சியமும் விலகியது, கோலம் இல்லை. படபடப்பு குறைந்ததில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கலாம். குடம் தூக்காததற்கும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினோம், அதனால் எல்லாவற்றின் பலனும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

தடம் புரண்ட இரண்டு தடவை

தீபாவளியை ஒட்டித் தறியில் ஆர்டர் நெருக்கடி. கணவர் வீடு திரும்ப நள்ளிரவு ஆனது, காலையில் குடம் மறுபடி மனைவி தலையில். ஒன்பது நாள் கோலம் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. "21 நாள்ல பழக்கமாயிரும்னு சொன்னாங்க, எனக்கு எண்பது நாள் போட்டும் போயிருச்சு பாருங்க" என்று சலித்துக்கொண்டு வந்தார்.

21 நாள் என்பது கேட்கச் சுகமான எண், அவ்வளவுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. இதை அவரிடம் சொன்னேன். ஒன்பது நாளும் மாத்திரையையும் 45 நிமிடத்தையும் விட்டீர்களா என்று கேட்டேன். விடவில்லை. அப்படியானால் எதுவும் போகவில்லை, மாவை எடுத்தால் ஆயிற்று என்றேன். ஆர்டர் முடிந்ததும் கணவர் குடத்துக்குத் திரும்பினார், கோலமும் திரும்பியது.

இரண்டாவது தடவை வேடிக்கையானது. மார்கழி பிறந்ததும் தெருவே போட்டி போட்டுக் கோலம் போட ஆரம்பித்தது. இவருக்கும் வேகம் வந்துவிட்டது. ஏழு புள்ளி பதினைந்தாகி, பதினைந்து இருபத்தொன்றாகி, நடுவில் பூசணிப் பூ, நாலு வண்ணம். எழும் நேரம் மெல்ல நாலரைக்கே போய்விட்டது. போட்டதைப் படம் எடுக்க வேண்டுமே, ஃபோன் வாசலுக்கு வந்தது. எடுத்ததை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டுமே, டேட்டா வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டுமே.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஜனவரியில் அவரே நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை: "5.05 படம் போட்டேன். 5.08, 5.15, 5.21 பார்த்தேன். 5.25 ஒன்றியக் குழுவில் செய்தி. விடுமுறையிலும் பதிவேற்றமாம். நெஞ்சு படபடப்பு." அதற்குக் கீழே சிவப்பு மையில், பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற அதே கையெழுத்தில்: "இது பழைய கதை."

தீர்வும் அவரே செய்திருந்தார். படம் எடுப்பது மகளின் வேலை, ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில். பெரிய கோலம் ஞாயிறு மட்டும். மற்ற நாள் ஏழு புள்ளி.

அடுத்த முறை மாற்றிச் செய்வேன் என்பவை

தைராய்டு மாத்திரை சாப்பிடும் யார் வந்தாலும் காபி எத்தனை மணிக்கு, கால்சியமோ இரும்புச்சத்தோ உண்டா என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கிறேன் இப்போது. இவரிடம் ஒரு வாரம் கழித்து, அதுவும் நோட்டின் தயவில்தான் கேட்டேன். "வெறும் வயிற்றில் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். பொய்யும் இல்லை.

குடும்பத்தை இரண்டாம் சந்திப்பிலேயே அழைத்திருப்பேன். மாமியார் நாலு மணிக்கு விழித்துக் கிடப்பது தெரிந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மூச்சுப் பயிற்சியைப் படபடப்போடு வருகிறவருக்கு முதலில் கொடுக்க மாட்டேன். கையால் செய்கிற, ஏற்கனவே தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று கேட்பேன். அதற்காகக் கோலத்தை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கவும் மாட்டேன். இவருக்குப் பிறகு வந்த இன்னோர் ஆசிரியையிடம் ஆர்வத்தில் சொல்லிவிட்டேன். "அதையும் நானே போடணுமா டாக்டர்?" என்று கேட்டார். அவருக்கு அது வேலை. அவர் இப்போது மொட்டைமாடியில் நடக்கிறார், துணி காயப்போடுகிற சாக்கில்.

குழுச் செய்திகள் விஷயத்தில் நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வரும் உத்தரவுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் நேரம் மட்டும் 4.52-லிருந்து 7.20-க்கு நகர்ந்திருக்கிறது.

கடைசிச் சந்திப்பு

2025 மார்ச், மகனின் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். டி.எஸ்.எச். 3.1. எழும் நேரம் 5.10-க்கும் 5.20-க்கும் நடுவில், ஞாயிறு மட்டும் 6.15. நோட்டில் நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார், புள்ளிக் கணக்குகள் மட்டும் இருந்தன. பக்கங்களுக்கு நடுவில் ஃபிரிட்ஜ் பட்டியல் மடித்தபடியே இருந்தது.

கிளம்பும்போது கதவருகே நின்று ஒரு சலுகை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது எழுந்த உடனே காபி குடித்துக்கொள்ளலாமா என்று.

முடியாது என்றேன்.

"ஞாயித்துக்கெழமையுமாங்க?"

ஞாயிற்றுக்கிழமையும் 45 நிமிடம். அடுத்த ரத்தப் பரிசோதனை செப்டம்பரில், காலாண்டு விடுமுறையில்.